மூக்கறுத்த எஞ்சின்கள்

கடையில் விற்கும் ரயில் எஞ்சின் மாடலைக் காசு கொடுத்து வாங்கி, பெட்டியைப் பிரித்த கையோடு அதன் மூக்கை ரம்பத்தால் அறுக்கிற ஒரு கோஷ்டி உலகத்தில் இருக்கிறது. அறுத்த பிறகு கூரையில் இருக்கும் காற்றாடியைப் பிடுங்குவார்கள். கம்பெனி பெயரை அழிப்பார்கள். கடைசியில், பளபளவென்று வந்த மாடல் முப்பது வருஷம் வெயிலில் நின்ற லாரி மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் அவர்களுக்குத் தூக்கம் வரும். நானும் அந்தக் கோஷ்டியில் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புனேயில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் இதற்கென்று எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது பால்கனி ஓரத்தில் ஒரு மடக்கு மேஜை. அதுவும் துணி காயப்போடாத நாட்களில் மட்டும்.

"நல்லா இருக்கறதை ஏன் கெடுக்கறீங்க?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அமெரிக்க ரயில்வேயின் ஐம்பது, அறுபது வருஷக் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமான கதை. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அளவுக் கணக்கு. மாடல் ரயிலில் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. என்ற அளவு. அசலில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாடலில் ஒரு மில்லிமீட்டர். அமெரிக்கத் தண்டவாளத்தின் அகலம் 1435 மி.மீ. அது மாடலில் 16.5 மி.மீ. ஆகிறது. சுமார் 17 மீட்டர் நீளமுள்ள டீசல் எஞ்சின் 197 மி.மீ. ஆகிவிடும். அதாவது ஒரு சாண். புனேக்காரர்கள் கோத்ரூடில் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அங்கே ஓடுவது இந்த அளவுதான்.

இனி ஷார்ட்லைன் என்றால் என்ன என்று பார்ப்போம்.

நமக்கு ரயில் என்றால் ஒரே ரயில்வே. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரே முதலாளி. அமெரிக்காவில் ரயில் பாதைகள் ஆரம்பத்திலிருந்தே தனியார் சொத்து. பல மாநிலங்களைக் கடந்து ஓடும் பெரிய கம்பெனிகள் ஒரு பக்கம். ஒரு மாவு மில், ஒரு கல் குவாரி, ஒரு மர டிப்போ, இவற்றைப் பெரிய லைனோடு சேர்க்க இருபது, முப்பது கிலோமீட்டர் தண்டவாளம் வைத்துக்கொண்டு பிழைக்கும் குட்டிக் கம்பெனிகள் இன்னொரு பக்கம். இந்தக் குட்டிகளைத்தான் ஷார்ட்லைன் என்கிறார்கள். நம்ம ஊரில் பெரிய பஸ் கம்பெனிகளுக்கு நடுவே, காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை என்று ஒரே ஒரு வண்டி வைத்து ஓட்டிய முதலாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ரகம்.

இந்தக் குட்டி லைன்களை மனதில் வைத்துப் புதிதாக எஞ்சின் செய்த காலமும் ஒன்று இருந்தது. 1937-ல் அமெரிக்க ரயில் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன. எஞ்சினின் ஓட்டும் சக்கரங்கள் மேல் 90,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடை இருந்தால் டிரைவரோடு ஒரு ஃபயர்மேனும் இருக்க வேண்டும். கரி அள்ளிப் போடத் தேவையில்லாத டீசலுக்கும் அதே விதி. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1940-ல் 44 டன்னில் ஒரு டீசலைக் கொண்டுவந்தது. அமெரிக்க டன் கணக்கில் அது 88,000 பவுண்டு. விதிக்கு 2,000 பவுண்டு கீழே! ஒரு ஆள் சம்பளம் மிச்சம். நடுவில் கேபின், இரண்டு பக்கமும் மூக்கு என்று பார்க்கத் தேங்காய் மூடி மாதிரி இருக்கும் இந்த எஞ்சினைக் குட்டி லைன்கள் விரும்பி வாங்கின. 1956 வரை தயாரிப்பில் இருந்தது. ஒரு எஞ்சினின் உருவத்தைச் சம்பளப் பட்டியல் தீர்மானித்த கதை இது. பாக்மன் கம்பெனியின் 44 டன் மாடலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒப்பந்தம்தான் ஞாபகம் வரும்.

ஆனால் குட்டி லைன்கள் ஏராளமாகப் பெருகியது அதற்கு ரொம்பப் பிறகு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நெடுஞ்சாலைகள் வந்தன, லாரிகள் வந்தன. சரக்கு போய்விட்டது. 1970-ல் பென் சென்ட்ரல் என்ற மாபெரும் ரயில் கம்பெனி திவாலானது. வடகிழக்கில் திவாலான கம்பெனிகளை ஒன்று சேர்த்து அமெரிக்க அரசே 1976 ஏப்ரலில் கான்ரெயில் என்று ஒன்றை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. 1980 மார்ச்சோடு ராக் ஐலண்ட் என்ற பழம்பெரும் கம்பெனி ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஸ்டாகர்ஸ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டணத்தைக் கம்பெனிகளே பெருமளவு தீர்மானிக்கலாம், நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை விற்பதும் சுலபம் என்று ஆனது.

பெரிய கம்பெனிகள் கிளைப் பாதைகளைக் கழற்றிவிட ஆரம்பித்தன. பெரியவர்களுக்கு நஷ்டமாக இருந்த பாதை, ஐந்தாறு பேர் வைத்து ஓட்டுகிற சின்னவருக்குக் கட்டுப்படியானது. இன்றைக்கு அமெரிக்காவில் இப்படிச் சுமார் 600 குட்டி லைன்கள் இருக்கின்றன. பெரிய, முதல் வகுப்புக் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பாதை வாங்கியாயிற்று. எஞ்சினுக்கு எங்கே போவது? புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. ஆக, பெரியவர்கள் கழித்துப் போட்டதை வாங்கினார்கள். அண்ணன் சட்டையைத் தம்பி போடுகிற மாதிரி. நான் மூக்கை அறுக்கிற கதை இங்கிருந்துதான் ஆரம்பம்.

இல்லினாய் சென்ட்ரல் என்ற கம்பெனிக்குக் கென்டக்கி மாநிலத்தில் படூகா என்ற ஊரில் பெரிய ஒர்க் ஷாப் இருந்தது. நீராவிக் காலத்திலேயே எஞ்சினைப் பிரித்து மேய்ந்து புதுசாக்குவதில் பேர் போன இடம். 1960களின் கடைசியில் இவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஜி.பி.7, ஜி.பி.9 டீசல்களை எடுத்துப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். ஜி.பி.7 பிறந்தது 1949-ல், 1500 குதிரைத்திறன். ஜி.பி.9 1954-ல், 1750 குதிரைத்திறன். கேபினுக்கு முன்னால் இருக்கும் குட்டை மூக்கு இவற்றில் கூரை உயரத்துக்கு நின்றது. பயணிகள் ரயிலை இழுக்கும் எஞ்சின்களில், பெட்டிகளுக்குச் சூடேற்றும் கொதிகலனுக்கு அங்கேதான் இடம். பயணிகள் ரயில் போன பிறகு அந்த உயரத்துக்கு வேலையே இல்லை. டிரைவருக்குப் பாதை மறைந்ததுதான் மிச்சம். படூகாவில் அந்த மூக்கை வெட்டித் தாழ்த்தி, மேலே முன்பக்க ஜன்னல் வைத்தார்கள். கேபினுக்குப் பின்னால் கூரையில் காற்று வடிகட்டும் பெட்டி ஒன்று முளைத்தது. இரண்டாக இருந்த புகைபோக்கி நான்கானது. புதுப் பெயர் ஜி.பி.8, ஜி.பி.10. 1600, 1850 குதிரைத்திறன்.

பெரிய லைனில் இவை இன்னொரு ரவுண்டு ஓடி முடித்ததும் குட்டி லைன்களுக்கு வந்தன. ராக் ஐலண்ட் பாதையை எடுத்துக்கொண்டு 1984-ல் தொடங்கிய அயோவா இன்டர்ஸ்டேட் இப்படிப்பட்ட படூகா எஞ்சின்களை நம்பித்தான் காலம் தள்ளியது. ஷார்ட்லைனை விடக் கொஞ்சம் பெரிய கம்பெனி அது. 2008-ல் புத்தம் புது ஜி.இ. எஞ்சின்கள் பன்னிரண்டு வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கைமாறி வந்த எஞ்சின்கள் இழுத்துக் கொடுத்த காசு!

ஆல்கோ எஞ்சின்களின் கதை இன்னும் சுவாரசியம். நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி என்ற ஊரில் 1901-ல் உருவான அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனிதான் ஆல்கோ. 1948-ல் கடைசி நீராவி எஞ்சினை அனுப்பிவிட்டு முழுக்க டீசலுக்கு மாறினார்கள். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் முன்னால் நிற்க முடியவில்லை. பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கும் போட்டிக்கு வந்தது. 1969-ல் ஆல்கோ கதவைச் சாத்தியது. தயாரிப்பாளரே போன பிறகு பெரிய கம்பெனிகள் ஆல்கோவை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. இரண்டு விதமான ஸ்பேர் பார்ட்ஸ், இரண்டு விதமாகப் பழகிய மெக்கானிக்குகள் என்று யார் கட்டி மேய்ப்பது? அதனால் விலை இறங்கியது. விலை இறங்கினால் யார் வாங்குவார்கள்? நம் குட்டி லைன்தான்.

1986 செப்டம்பரில் தொடங்கிய அர்க்கன்சா அண்ட் மிசௌரி பல வருஷம் ஆல்கோவை வைத்தே, குறிப்பாக 2000 குதிரைத்திறன் சி-420 ரகத்தை வைத்தே, இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையை ஓட்டியது. பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டனில் 1993-ல் தொடங்கிய டெலவேர் லாக்கவன்னாவும் ஆல்கோ கூட்டம்தான். ஒரே ரகமாக வைத்துக்கொண்டால் ஒன்று படுத்தாலும் இன்னொன்றிலிருந்து பாகம் கழற்றலாம். ஷெட்டில் இருக்கும் மெக்கானிக்குக்கு அதன் இருமல், தும்மல் எல்லாம் அத்துப்படியாகியிருக்கும். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஒரே சி-420 என்றாலும் வெவ்வேறு கம்பெனிகளுக்காகப் பிறந்தவை. லாங் ஐலண்ட் ரயில்ரோடு வாங்கிய பலவற்றுக்கு உயரமான மூக்கு. மற்ற பல கம்பெனிகள் வாங்கியவற்றுக்குத் தாழ்ந்த மூக்கு. ஹாரன் ஒன்றில் கேபின் மேல், இன்னொன்றில் நடு முதுகில். மணி வேறு இடம், படி வேறு வடிவம், எண்ணெய் டேங்க் வேறு அளவு. ஒரு குட்டி லைன் ஷெட்டில் நான்கு எஞ்சின் நின்றால் நான்கும் நான்கு வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது மாடல் கம்பெனியின் பக்கம் வருவோம். அச்சு வார்க்கப் பெருந்தொகை செலவாகும். ஒரு அச்சில் ஆயிரக்கணக்கில் விற்றால்தான் லாபம். அதனால் எல்லோருக்கும் தெரிந்த பெரிய கம்பெனியின் எஞ்சினை, அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படித்தான் செய்வார்கள். மூன்று முதலாளி மாறி, மூக்கு வெட்டுப்பட்டு, ஆறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் நிற்கும் எஞ்சினை யார் செய்வார்கள்? 1950களிலிருந்து ஜப்பானில் கையால் செய்த பித்தளை மாடல்கள் வந்தன. அவை அச்சு அசல். ஆனால் விலை சாமானியர் வாங்கும்படி இருக்காது, அதிலும் பெரிய கம்பெனிகளின் நீராவி எஞ்சின்களுக்குத்தான் முதல் மரியாதை.

சாமானியருக்குக் கிடைத்தது பிளாஸ்டிக். கலிஃபோர்னியாவின் இர்வின் ஏதர்ன் நீல அட்டைப் பெட்டியில் போட்டு விற்ற எஞ்சின்கள் இரண்டு தலைமுறைக்குப் பாலபாடம். விலை மலிவு, உழைப்பு மாடு மாதிரி. ஆனால் அவருடைய பழைய ஜி.பி. மாடல்களில் ஒரு குறை உண்டு. அந்தக் காலத்து மோட்டார் குண்டு. அதை உள்ளே நுழைக்க உடம்பை அசலைவிட அகலமாக வார்த்துவிட்டார். அதனால் அந்த எஞ்சின்கள் எல்லாம் கொஞ்சம் தொப்பை போட்டவை. பிடிவாதக்காரர்கள் உடம்பை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, நடுவில் ஒரு கீற்று எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டி ஒல்லியாக்கினார்கள். ஒரு மாடலை வெட்டி, இன்னொன்றின் உறுப்பை ஒட்டி, மூன்றாவதாக ஒன்றைச் செய்யும் இந்த வேலைக்குக் கிட்பாஷிங் என்று பெயர்.

இந்த வேலைக்கு ரம்பத்தைவிட முக்கியமான ஒரு கருவி 1967-ல் வந்தது. ஜெர்ரி பிங்க்பேங்க் எழுதிய டீசல் ஸ்பாட்டர்ஸ் கைடு என்ற புத்தகம். அதுவரை பலருக்கு டீசல் என்றால் எல்லாமே ஒரே தகரப் பெட்டிதான். எந்த ரகத்துக்கு எத்தனை காற்றாடி, எந்தக் கதவு எங்கே, எது எந்த வருஷம் மாறியது என்று படத்தோடு வரிசைப்படுத்திக் காட்டியது அந்தப் புத்தகம். பறவை பார்ப்பவர்கள் இறகையும் அலகையும் வைத்து இனம் சொல்வது போல எஞ்சினை இனம் சொல்ல ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகுதான், "நான் வைத்திருக்கும் மாடல் எங்க ஊர் லைனில் ஓடுவது மாதிரி இல்லையே" என்ற அரிப்பும் ஆரம்பித்தது.

1980களில் அட்லஸ் கம்பெனி ஜப்பானின் கேட்டோவிடம் ஆல்கோ ஆர்.எஸ்-3 செய்யக் கொடுத்தது. சத்தமில்லாமல் ஊர்ந்து போகும் எஞ்சின். 1989-ல் லைஃப்-லைக் கம்பெனியின் புரோட்டோ 2000 வரிசை வந்தது. கூடவே டீடெயில்ஸ் வெஸ்ட், டீடெயில் அசோசியேட்ஸ், கேனன் போன்ற சின்னக் கம்பெனிகள் ஹாரன், மணி, காற்றாடி, தாழ்ந்த மூக்கு, கேபின் என்று உதிரி பாகங்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி விற்றன. நம்ம ஊர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை மாதிரி. ஒரு லைனைத் தேர்ந்தெடுத்து, அதில் ஓடும் ஒவ்வோர் எஞ்சினையும் அச்சு அசலாகச் செய்வது சாமானியருக்கும் சாத்தியம் என்று ஆனது அப்போதுதான்.

சரி, வேலை எப்படி நடக்கிறது?

முதல் வேலை மேஜையில் இல்லை. ஒரு எஞ்சின், ஒரு தேதி. இரண்டையும் முடிவு செய்ய வேண்டும். "ஆர்.எஸ்-3 செய்யப் போகிறேன்" என்றால் போதாது. எந்தக் கம்பெனியின் எந்த நம்பர், எந்த வருஷத்தில் இருந்தபடி? அதற்கு நான்கு பக்கமும், கூரையும் தெரியும் புகைப்படங்கள் வேண்டும். இடப்பக்கப் படத்தை வைத்து வலப்பக்கத்தை ஊகித்தால் மாட்டிக்கொள்வோம். கூரைப் படம்தான் கிடைப்பது கஷ்டம். ஏதாவது மேம்பாலத்திலிருந்து எவரோ எடுத்த படம் கிடைத்தால் அது புதையல்.

தேதி ஏன் என்றால், சின்னச் சின்ன விஷயங்கள் வருஷத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். உதாரணத்துக்கு, எஞ்சின் முகத்தில் கீழே இரண்டு ஓரத்திலும் இருக்கும் டிட்ச் லைட் விளக்குகள். லெவல் கிராசிங் வழியாக மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடும் ரயிலின் முன் எஞ்சினில் இவை 1997 முடிவுக்குள் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி போட்டது. 1990-ஐக் காட்டும் மாடலில் பெரும்பாலும் அவை இருக்கக் கூடாது. 2000-ஐக் காட்டினால், அந்தக் குட்டி லைன் 20 மைலுக்கு மேல் ஓட்டியதா என்று பார்க்க வேண்டும். பாதையே நொண்டி, பத்து மைலில்தான் ஊர்கிறது என்றால் அந்த விளக்குக்கு அவசியமே இல்லை. இரண்டு மி.மீ.கூட இல்லாத விளக்குக்குப் பின்னால் ஒரு சட்டமும், ஒரு பாதையின் ஏழ்மையும் இருக்கின்றன.

அடுத்தது அறுவை. ஜி.பி.7-ன் உயர மூக்கைத் தாழ்த்த வேண்டுமென்றால், வெட்ட வேண்டிய கோட்டுக்கு முகமூடி டேப் ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் நிதானமாக அறுக்க வேண்டும். ஒரு மி.மீ. தவறினால் அசலில் 87 மி.மீ., ஒரு உள்ளங்கை அகலம். அறுத்த இடத்தில் பிளாஸ்டிக் தகடு ஒட்டிப் புது மூக்குக்கு மேல்மூடி போட்டு, அரம் பிடித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்க்க வேண்டும். லாரிப் பட்டறையில் டிங்கரிங் பார்த்தவர்களுக்கு இதில் புதுசாக எதுவும் இல்லை. கேபினின் முன் ஜன்னல்களைக் கத்தி நுனியால் திறந்து எடுக்க வேண்டும். மலை இறங்கும்போது வேகத்தைப் பிடிக்கும் டைனமிக் பிரேக் அசலில் கழற்றப்பட்டிருந்தால், கூரைக் காற்றாடியை எடுத்துவிட்டுத் தகடு வைத்து மூட வேண்டும். சமவெளியில் ஓடும் குட்டி லைன் அதை வைத்துப் பராமரிக்காது. ஒன்றேகால் அங்குலக் கைப்பிடிக் கம்பி மாடலில் 0.36 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துச் செய்வேன். தும்மினால் போச்சு.

கடைசியில் பெயின்ட். குட்டி லைன் பழைய எஞ்சின் வாங்கினால் உடனே முழுசாகப் பெயின்ட் அடிக்காது. பழைய முதலாளியின் பெயரையும் நம்பரையும் மட்டும் ஒரு பட்டை பெயின்ட்டால் மறைத்து, மேலே தன் எழுத்துகளைப் போடும். 1999 ஜூனில் கான்ரெயில் பெரும்பகுதியை இரண்டு பெரிய கம்பெனிகள் பிரித்துக்கொண்டபோது பெரியவர்களே இப்படித்தான் செய்தார்கள். நீல எஞ்சினில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு சதுரம். வெயில் பட்டுப் பட்டு மேல் பெயின்ட் உதிரும்போது அடியிலிருந்து பழைய பெயர் எட்டிப் பார்க்கும். மாடலில் இதைக் கொண்டுவருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. பழைய பெயர் தெரியவும் வேண்டும், தெரியாமலும் இருக்க வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்று கேட்டால், வீட்டு வாசலில் இருக்கும் ஊரின் சரித்திரத்தை இந்தக் கோஷ்டியைத் தவிர அதிகம் பேர் எழுதி வைக்கவில்லை என்பதுதான் என் பதில். பெரிய கம்பெனிகளுக்கு ஆவணக் காப்பகம் உண்டு, வரைபடம் உண்டு, ஆண்டறிக்கை உண்டு. ஐந்து பேர் ஓட்டும் லைனுக்கு ஒரு மேஜை டிராயர்தான் காப்பகம். கம்பெனி விற்கப்பட்டால் அந்த டிராயரும் குப்பைக்குப் போகும். கைப்பிடி எப்படி வளைகிறது என்று தெரிந்துகொள்வதற்காக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர்கள், எந்த நம்பர் எந்தக் கம்பெனியிலிருந்து எப்போது வந்தது என்று நோட்டில் எழுதியவர்கள், தாங்கள் சரித்திரம் எழுதுவதாக நினைக்கவில்லை. இன்று அந்த லைன்களைப் பற்றி யாராவது எழுத உட்கார்ந்தால் முதலில் தேடுவது இவர்கள் படங்களைத்தான்.

இந்த இடத்தில் நம் கதை வந்தே தீரும். ஏனென்றால் ஆல்கோ நமக்கு அந்நியம் இல்லை.

1962-ல் ஷெனெக்டடியிலிருந்து நம் பிராட்கேஜுக்கு வந்த டி.எல்.560சி ரகம்தான் டபிள்யூ.டி.எம்.-2. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். வாரணாசி டீசல் தொழிற்சாலையில் அதைப் பூட்ட ஆரம்பித்து, முதல் எஞ்சின் 1964 ஜனவரியில் வெளியே வந்தது. (அந்தத் தொழிற்சாலைக்கு 2020-லிருந்து பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர்.) ஆல்கோ அமெரிக்காவில் கடையை மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் அதன் டீசல்கள் வாரணாசியில் பிறந்துகொண்டே இருந்தன. ஈரோடு ஷெட் என்று முதுகில் எழுதிக்கொண்டு நம்மை ஊருக்கும், ஊரிலிருந்து பிழைப்புக்கும் இழுத்துப் போனவை அவைதான். இங்கே கோர்படி ஷெட்டிலும் நிறைய ஆல்கோக்கள் இருந்தன. அந்தக் குலுங்கல் சத்தம் கேட்டால் எனக்கு ஏதோ சொந்தக்காரர் வந்த மாதிரி இருக்கும்.

மீட்டர்கேஜில் ஓடிய ஒய்.டி.எம்.-4 ஆல்கோவின் டி.எல்.535 குடும்பம். அதே குடும்பத்தின் இன்னொரு கிளை, அலாஸ்காவின் ஸ்கேக்வே துறைமுகத்திலிருந்து பனிமலை ஏறும் ஒயிட் பாஸ் அண்ட் யூக்கான் என்ற மூன்றடி அகலக் குட்டி லைனுக்கு 1969-ல் போனது. பாம்பன் பாலத்தில் உப்புக் காற்றில் ஊர்ந்ததும், யூக்கான் பனியில் ஏறியதும் பங்காளிகள். பொன்மலையில் வளர்ந்த ஒய்.டி.எம்.-4-கள் சில பிறகு மலேசியா, மியான்மர் என்று கடல் கடந்தும் பிழைக்கப் போயின. நம்மில் பலர் மாதிரியே :-)

டபிள்யூ.டி.எம்.-2 மாடல் செய்ய ஆசைப்பட்டால் அட்லஸின் ஆர்.எஸ்.டி-12 மாடலின் மூன்று அச்சுச் சக்கர ட்ரக் ஒரு நல்ல ஆரம்பம். அச்சுகளுக்கு நடுவே சம இடைவெளி இல்லாத அந்த ஆல்கோ ட்ரக் குடும்பம்தான் நம் எஞ்சினுக்கும். அகலம்தான் இடிக்கும். நம் 1676 மி.மீ. பாதை ஹெச்.ஓ.வில் 19.2 மி.மீ. வர வேண்டும், கடையில் கிடைப்பது 16.5. மீட்டர்கேஜ் 11.5 வர வேண்டும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவில் கிடைக்கிறது. உடம்பை இப்போது முப்பரிமாணப் பிரின்டரில் வார்த்துக்கொள்ளலாம்.

எனவே கருவி பிரச்சினை இல்லை, பணமும் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை படம்! 1980-ல் பொன்மலை ஷெட்டின் ஒரு குறிப்பிட்ட ஒய்.டி.எம்.-4-ன் முகத்தில் பட்டை என்ன நிறம்? மணிலா கயிறு கட்டியிருந்த இடம் எது? ஜன்னலுக்கு மேல் நிழல் தகடு இருந்ததா? வேக்குவம் பிரேக்கோடு பிறந்த டபிள்யூ.டி.எம்.-2-க்கு ஏர் பிரேக்கும் சேர்த்து 2ஏ ஆக்கியபோது வெளியே எந்தக் குழாய் புதிதாக வந்தது? நான்கு பக்கமும் தெரியும் படம் கேட்டால் நான்கில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. பல காலம் நம் ஸ்டேஷன்களில் கேமராவைத் தூக்கினாலே போலீஸ்காரர் விசில் ஊதுவார். மீட்டர்கேஜோ, 1992-ல் ஒரே கேஜ் திட்டம் ஆரம்பித்ததிலிருந்து வேகமாக மறைந்தது. சென்னை பீச்-தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் 2004-ல் நின்றது. ராமேஸ்வரம் 2007-ல் பிராட்கேஜ் ஆனது. செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையில் 2010-ல் மீட்டர்கேஜ் நின்று, 2018-ல் பிராட்கேஜாகத் திறந்தது. பாதை அகலமானது நல்லதுதான், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அதில் ஓடியவை எப்படி இருந்தன என்று ஒரு சாண் நீளத்துக்குச் செய்து காட்டக்கூட நம்மிடம் கணக்கு இல்லை என்பது உறுத்துகிறது. புனேயில் பிறந்த என் பையனுக்கு மின்சார எஞ்சின்தான் ரயில். "உங்க ஊர் ரயில் எப்படிப்பா இருக்கும்?" என்று அவன் கேட்டால் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் இருக்கும் ஆல்பத்தை இறக்குங்கள். கல்யாணம் முடிந்து பெண்ணை வழியனுப்பிய படம், சித்தப்பா முதல் முறை வடக்கே வேலைக்குப் போனபோது பிளாட்ஃபாரத்தில் மாலையோடு நிற்கும் படம், ராமேஸ்வரம் டூர் படம். முன்னால் இருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் தோளுக்குப் பின்னாலும் பாருங்கள். எஞ்சினின் ஓரம் ஏதாவது தெரிகிறதா? நம்பரில் இரண்டு எண் தெரிந்தாலும் போதும். எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். பிறகு நல்ல தெளிவில் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.